பம்பர், மிரர் கவர், கிரில்: பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல் பழைய பெயின்டைக் கழற்றும் முறை

நான் முதன்முதல் கைவைத்த மிரர் கவர் தின்னரில் கரைந்துபோனது. அது என்னுடைய வாகனம்கூட இல்லை, மச்சானுடையது. வெள்ளைப் பெயின்ட் வெடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. "ஒரு மணித்தியால வேலை, நான் செய்து தாறன்" என்று சொல்லிக் கழற்றி எடுத்து, பழைய சாரத்துண்டு ஒன்றைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். பெயின்ட் நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சீலையில் வெள்ளையோடு கறுப்பும் ஒட்டத் தொடங்கியது. அடியில் வேறொரு பழைய நிறம் இருக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்தது. அப்போதும் விளங்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால் கிளிப் மாட்டுகிற காது ஒன்று யாரும் தொடாமலே வெடித்துக் கிடந்தது.

அதைக் கொண்டுபோய் ஆரையம்பதிப் பக்கம் பெயின்ட் வேலை செய்கிற ஒரு பாஸிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார். "இதிலதானே எழுதிக் கிடக்கு மனே, வாசிக்கல்லையா?" என்றார்.

அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி தண்ணீர், உரஞ்சுகிற பேப்பர், பொறுமை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டு வளவில் இருந்து இந்த வேலையை முதன்முதல் செய்யப் போகிறவருக்காக எழுதுகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வாகனத்தையே வைத்துச் சமாளித்த பழக்கத்தில், பாவித்த பம்பரை வாங்கிப் பூட்டுவது எங்கள் பக்கம் சாதாரணமாகிவிட்டது. வாகனம் வெள்ளை, கிடைத்த பம்பர் சிவப்பு என்றால் இந்த வேலை வராமல் இருக்காது.

பெயின்டை முழுவதும் கழற்றத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொம்பனியில் அடித்த பெயின்ட் நன்றாக ஒட்டிப் பிடித்திருந்தால் அதைப்போல நல்ல அடித்தளம் உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. நிறம் மாற்றுவதற்காக மட்டும் அதைச் சுரண்டி எடுப்பது, நல்ல அத்திவாரத்தைக் கிண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுகிற மாதிரி. மேலால் உரஞ்சி மினுக்கத்தை எடுத்துவிட்டு அதன்மேலேயே அடிக்கலாம்.

பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. கூரான பிளேட்டால் பெயின்டில் மட்டும் வெட்டுப்படும்படி நாலைந்து கோடு நெடுக்காகவும் நாலைந்து கோடு குறுக்காகவும், ஒன்றுக்கொன்று இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் கீறுங்கள். அதன்மேல் நல்ல பிசினுள்ள டேப் ஒன்றை நகத்தால் அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் உரியுங்கள். சின்னச் சதுரங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பெயின்ட் போகத்தான் வேண்டும். ஒன்றும் வராவிட்டால் வேலை மிச்சம். பம்பரில் இதை ஓர் இடத்தில் மட்டும் செய்து முடிவெடுக்காதீர்கள். வெயில் நேரே படுகிற மேல் விளிம்பில் ஒன்று, கல் அடிபடுகிற கீழ்ப்பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று.

பழைய சொந்தக்காரர் ஸ்பிரே டின்னால் அடித்த கோட் மேலேயும், கொம்பனிப் பெயின்ட் அடியிலும் இருப்பது அடிக்கடி காண்பது. அப்படியென்றால் மேல்கோட்டை மட்டும் எடுத்தால் போதும். கீழே உள்ளதைத் தொட வேண்டாம்.

புரட்டி வாசியுங்கள்

வாகனத்தின் பிளாஸ்டிக் பாகங்களில் பெரும்பாலானவற்றின் உள்பக்கத்தில், இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவில் அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் அச்சிலேயே பதிந்திருக்கும். சேறு பிடித்திருந்தால் பழைய பல்துலக்கியால் கழுவிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நீங்கள் காணக்கூடியவை இவைதான்.

பி.பி. (PP), அல்லது பி.பி. கூட்டல் இ.பி.டி.எம். (PP+EPDM). இது பொலிபுரப்பிலீன், பின்னதில் றப்பர் கலந்திருக்கும். இன்றைய பம்பர்களில் அநேகமானவை இந்த இனம். பின்னால் டி20 என்று இருந்தால் 20 வீதம் டால்க் மாக்கல் தூள் கலந்தது என்று அர்த்தம். இது முரட்டுப் பிள்ளை. தின்னர் மாதிரி பெயின்ட் இளக்குகிற மருந்துகளை ஓரளவு தாங்கும். ஆனால் இதன் தொல்லை வேறு விதம்: இதன்மேல் எந்தப் பெயின்டும் இலகுவில் ஒட்டாது. கொம்பனி பிறைமரை, அதாவது நிறத்துக்கு அடியில் பிடிப்புக்காக அடிக்கிற கோட்டை, முழுவதும் கழற்றிவிட்டால் பிறகு ஒட்டவைப்பதுதான் பாடு.

ஏ.பி.எஸ். (ABS). மிரர் கவர், கிரில், மோட்டார் சைக்கிளின் பக்கக் கவர்கள் பெரும்பாலும் இதுதான். பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், உரஞ்சுவதற்கும் இதம். ஆனால் தின்னர், அசிட்டோன் என்றால் சீனி தண்ணீரில் கரைகிற மாதிரிக் கரையும். நான் அழித்தது இதைத்தான்.

பி.சி. (PC) என்பது பொலிகாபனேற், முன் லைற்றின் கண்ணாடி. பி.எம்.எம்.ஏ. (PMMA) என்பது அக்ரிலிக், பின் லைற்றின் சிவப்பு மூடி. இரண்டுக்கும் எந்த மருந்தும் வேண்டாம். ஏ.பி.எஸ்ஸோடு பி.சி. கலந்த பாகங்களும் உண்டு. அவற்றையும் பி.சி.யாகவே நினைத்து நடத்துங்கள்.

எழுத்து அழிந்திருந்தால் உள்பக்க விளிம்பில் நகத்தளவு சீவி எடுத்து, ஒரு சொட்டு சோப்புக் கலந்த நல்ல தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மேலே வந்து மிதந்தால் பொலிபுரப்பிலீன். தாழ்ந்தால் ஏ.பி.எஸ்ஸாக இருக்கலாம், ஆனால் டால்க் கலந்த பொலிபுரப்பிலீனும் கனம் கூடித் தாழும். ஆகவே மிதந்ததை நம்பலாம், தாழ்ந்ததை நம்ப முடியாது. தாழ்ந்தால் ஏ.பி.எஸ். என்று வைத்துக்கொண்டு கவனமாகவே வேலை செய்யுங்கள், நட்டமில்லை.

கழற்றலும் கழுவலும்

பாகத்தை வாகனத்திலிருந்து கழற்றி எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். பூட்டியபடியே செய்தால் பக்கத்துத் தகரத்தில் பேப்பர் பட்டு வேலை இரட்டிப்பாகும். கழற்ற முதல் ஒவ்வொரு ஸ்குரூவையும் கிளிப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். குளிர்ந்த காலை நேரத்தில் பழைய கிளிப் முறுக்காக இருந்து பட்டென்று ஒடியும். பத்து நிமிடம் வெயிலில் விட்டால் இளகி வளைந்து கொடுக்கும். பிளாஸ்டிக்குக்கு வெயில் நல்லது செய்கிற ஒரே இடம் இதுதான். பம்பரில் பொக் லைற், பார்க்கிங் சென்சர் வயர்கள் இருந்தால் சொக்கெற்றைக் கழற்றிய பிறகுதான் இழுக்க வேண்டும்.

ஸ்டியரிங் நடுவிலோ டாஷ்போர்ட்டிலோ எயார்பேக் மூடி இருந்தால் அதில் பேப்பரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அது வெடிக்கிற நேரம் குறித்த இடத்தில் கிழிவதற்காக அளந்து மெல்லிசாக்கின சாமான்.

கழுவுவதற்குப் பாத்திரம் கழுவுகிற திரவ சோப் போதும். இரண்டு தரம் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் மினுக்கத்துக்கு அடிக்கிற பொலிஷில் சிலிக்கோன் இருக்கும். அதை எடுக்காமல் உரஞ்சினால் பேப்பர் அந்தப் பிசுபிசுப்பைக் கீறலுக்குள் தள்ளிவிடும், பிறகு அடிக்கிற பெயின்ட் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். வாவிக்கரையில் உவர்க் கிணறு உள்ளவர்கள் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் எடுங்கள், உப்புப் படிவு மேலே நிற்கக்கூடாது.

தானாக வரத் தயாராக இருப்பதை முதலில் எடுங்கள்

உரிந்து நிற்கிற பெயின்டைப் பேப்பரால் உரஞ்சிக் கொண்டிருப்பது வீண் வேலை. பழைய பாங்க் கார்ட் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து விளிம்புக்குள் தள்ளினால் செதிலாக வரும். இரும்புத் தகடோ புட்டிக் கத்தியோ எடுக்காதீர்கள். அது பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் பார்க்காது.

பம்பரில் பெயின்ட் பெரிய பெரிய தாளாக உரிகிறதென்றால் இன்னொரு வழி உண்டு. சேர்விஸ் ஸ்டேஷனில் வாகனம் கழுவுகிற பிறஷர் தண்ணீர். ஓர் அடி தூரத்தில் இருந்து, உரிந்த விளிம்புக்குள் சாய்வாக அடித்தால், பிடி இல்லாத பெயின்ட் முழுவதையும் தண்ணீரே கிளப்பிவிடும். எது நிற்கவேண்டியது, எது போகவேண்டியது என்பதையும் அதுவே சொல்லிவிடும். அரை மணித்தியாலத்தில் அரை நாள் வேலை மிச்சமாகும். சேர்விஸ் பொடியனிடம் முன்பே சொல்லி வையுங்கள், பெயின்ட் பறந்தால் அவன் பயந்துவிடுவான்.

ஹீற் கண், அதாவது சூடான காற்று ஊதுகிற மெசின் பற்றிக் கேட்பார்கள். சூட்டில் பெயின்ட் இளகி வருவது உண்மை. ஆனால் ஏ.பி.எஸ். 105 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். ஹீற் கண் வாயில் இருந்து வருகிற காற்று 500 பாகையையும் தாண்டும். நாலு செக்கன் ஒரே இடத்தில் நின்றால் பம்பரில் ஒரு குழி விழும், அது திரும்பாது. தலைமயிர் உலர்த்துகிற டிரையரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளங்கை வைத்துத் தாங்க முடியாத சூடு என்றால் பிளாஸ்டிக்குக்கும் அது கூடுதல்தான்.

பேப்பர் வேலை

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் வருகிற அலுவல்.

ஹாட்வெயார் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள், நனைத்துப் பாவிக்கிற கறுப்புப் பேப்பர். 320, 400, 600 ஆகிய மூன்று நம்பரும் போதும். இரண்டு மூன்று தரம் மேலுக்கு மேல் அடித்த தடித்த பெயின்ட் என்றால் 240 இல் ஒரு தாளும் எடுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். 80, 120 என்று முரட்டுப் பேப்பர் போட்டால் கெதியாக முடியும் என்று தோன்றும். பொலிபுரப்பிலீனில் அப்படிச் செய்தால் மேல்பரப்பு வெட்டுப்படாமல் கிழிந்து, மாம்பழக் கொட்டை மாதிரிப் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். அதற்குமேல் பிறைமர் அடித்தால் அந்தப் பஞ்சு இன்னும் விறைத்துத் தெரியும். தவறி எழும்பிவிட்டால் புது பிளேட்டை நிமிர்த்திப் பிடித்துச் சவரம் செய்கிற மாதிரி மெதுவாக இழுத்து எடுத்து, பிறகு 600 இல் தண்ணீரோடு தேயுங்கள். நெருப்புக் காட்டிக் கருக்கச் சொல்வார்கள். முதல் தரம் செய்கிறவர் அதைச் செய்ய வேண்டாம்.

தாளை நாலாகக் கிழித்து, ஒரு சொட்டு சோப் விட்ட வாளித் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறப் போடுங்கள். ஊறின பேப்பர் வளைவுகளில் படிந்து கொடுக்கும், மூலை குத்தாது. சமதளத்துக்கு றப்பர் பிளொக்கில் சுற்றுங்கள். பிளொக் இல்லாவிட்டால் பழைய றப்பர் செருப்பில் கையளவு வெட்டியெடுத்தால் அதுவே பிளொக். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும், அது பெயின்ட் அடித்து மினுங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. கல்லடி, நாவலடி, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோர வளவுகள் எல்லாம் மணல். பேப்பர் ஒரு தரம் நிலத்தில் விழுந்தால் அதை மறந்துவிடுங்கள். கழுவினாலும் ஒரு குருணி மணல் உள்ளே நிற்கும். அந்த ஒரு குருணி போடுகிற கோடு 320 நம்பர் கீறலைவிடப் பல மடங்கு ஆழம். நான் ஒரு பம்பரில் மூன்று முழக் கோடு ஒன்றை இப்படிப் போட்டு, அதை மறைக்க அரை நாள் மினக்கெட்டேன். மேசை போட்டு உயரத்தில் வேலை செய்யுங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று பேப்பர் அலச, மற்றது பாகத்தைக் கழுவ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காற்று எழும்பினால் வாளிக்குள்ளேயே மணல் வந்து விழும்.

தேய்ப்பது ஒரே திசையில், நீள நீளமாக, தண்ணீர் வற்றாமல். அழுத்தம் வேண்டாம், பேப்பர் தன் வேலையைச் செய்யட்டும். உங்கள் கண் பார்க்க வேண்டியது வழிந்து வருகிற தண்ணீரின் நிறத்தை. முதலில் பால் மாதிரி வெள்ளையாக வரும், அது மேலே உள்ள கிளியர், நிறமில்லாத மினுக்கக் கோட். பாகம் எந்த நிறமாக இருந்தாலும் கிளியர் வெள்ளையாகத்தான் கரையும். பிறகு திடீரென்று சிவப்போ நீலமோ வெள்ளியோ வரும், அது நிறக்கோட். அது மிக மெல்லியது, கெதியாகக் கடந்துவிடுவீர்கள். அடுத்தது பிறைமர், பெரும்பாலும் சாம்பல். பிறைமர் நிறம் கண்ட இடத்தில் 320 ஐக் கீழே வைத்துவிட்டு 400 ஐ எடுங்கள். அந்தப் பிறைமர் உறுதியாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அதற்குக் கீழே போவதால் லாபம் ஒன்றும் இல்லை. பிறைமருக்குப் பிறகு தண்ணீர் கறுப்பாக வந்தால் பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள்.

இவ்வளவு அடுக்கும் சேர்ந்து ஒன்றிரண்டு தலைமயிர்த் தடிப்புத்தான். அதனால்தான் கைவேலை சொல்கிறேன். மெசின் சான்டர், அதாவது பேப்பர் பூட்டி உரஞ்சுகிற மெசின், தெரிந்தவர் கையில் நல்ல சாமான், தெரியாதவர் கையில் ஒரே நிமிடத்தில் எல்லா அடுக்கையும் தாண்டிப் போகும், சூட்டில் பெயின்டும் பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரில் வயர் பிறஷ் பூட்டிச் செய்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கூரான வரம்புகளிலும் கோடு ஓடுகிற இடங்களிலும் டேப் ஒட்டிவிட்டுச் சமதளத்தை முடியுங்கள். கடைசியில் டேப்பை எடுத்து, வரம்பைப் பிளொக் இல்லாமல் 600 ஆல் இரண்டு மூன்று தடவு மட்டும். வரம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, முதலில் கறுப்புத் தெரிவது அங்கேதான். பேப்பர் போகாத இடுக்குகளுக்குச் சாம்பல் நிற ஸ்கொச் பிறைற் துண்டு. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற பச்சை இதைவிடக் கரடு, பம்பருக்குள் அதை விடாதீர்கள்.

மிரர் கவர் ஒன்றுக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் போகும். பம்பர் என்றால் ஒன்றரை நாள். ஒரே மூச்சில் செய்தால் கடைசி மூலையில்தான் அவசரப்பட்டுப் பிழை விடுவோம்.

நனைத்து உரஞ்சுவதில் தூசி பறக்காது என்பது பெரிய நன்மை. பழைய பெயின்ட் தூசி நெஞ்சுக்குக் கூடாது, பழைய சிவப்பு, மஞ்சள் நிறங்களில் ஈயமும் இருக்கலாம். எங்காவது உலர உரஞ்ச வேண்டி வந்தால் நல்ல மாஸ்க் போட்டு, பிள்ளைகளை அங்காலே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

மருந்து எப்போது, எந்த மருந்து

தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக உள்ள கிரில்லுக்குள் பேப்பர் போகாது. அங்கேதான் மருந்து. எந்தப் போத்தலைத் திறந்தாலும் முதல் வேலை, பாகத்தின் உள்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் பஞ்சில் நனைத்து ஐந்து நிமிடம் வைப்பது. எடுத்துப் பார்த்தால் இடம் மினுக்கம் மாறி, வெளிறி, பிசுபிசுத்து, அல்லது மயிர்போல வெடிப்பு ஓடியிருந்தால் அந்தப் போத்தலை மூடிவிடுங்கள். நான் அழித்த மிரர் கவர் இன்னும் என்னிடம் கிடக்கிறது. எந்தப் புது மருந்து வாங்கினாலும் முதல் சொட்டு அதற்குத்தான்.

பார்மசியில் கிடைக்கிற ஐசோபுரப்பைல் அல்ககோல்தான் மிகச் சாந்தமானது. ஸ்பிரே டின்னால் அடித்த மலிவுப் பெயின்டுகள் பல அதில் மெதுவாக இளகும். நனைத்த பஞ்சை மேலே படுக்கவிட்டு, காய்ந்துபோகாமல் பொலித்தீனால் மூடி, இருபது நிமிடம் கழித்துப் பல்துலக்கியால் தேயுங்கள். கொம்பனிப் பெயின்டுக்கும், இறுக வைக்கிற ஹாட்னர் கலந்து அடித்த இரண்டு பாகப் பெயின்டுக்கும் இது ஏறாது. அது வருமென்று ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம், பேப்பரை எடுங்கள். இது நெருப்புப் பிடிக்கிற சாமான். அடுப்புப் பக்கமும் சுருட்டுப் பக்கமும் போகக்கூடாது.

அடுத்தது பிரேக் ஒயில், டொட் 3 அல்லது டொட் 4. பெயின்டை மெதுவாகக் கொப்பளிக்க வைக்கும். டொட் 5 சிலிக்கோன் இனம், அது பெயின்டை ஒன்றும் செய்யாது, வாங்கி ஏமாறாதீர்கள். பொலிபுரப்பிலீன் கிரில் என்றால் பிறஷால் பூசி, பொலித்தீனில் சுற்றி இரவு விட்டு வைக்கலாம். ஏ.பி.எஸ். என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், ஊறப் போட்டு மறந்துபோகாதீர்கள். பி.சி. கலந்ததில் தொடவே கூடாது. வாகனத்துக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். ஒரு சொட்டுத் தெறித்து பொனற்றில் விழுந்தால் அங்கேயும் பெயின்ட் கழன்று வரும். கையுறை போடுங்கள். பிள்ளைகளும் நாயும் எட்டாத உயரத்தில் வையுங்கள், உள்ளே போனால் நஞ்சு.

பிளாஸ்டிக் ஏன் வெடிக்கிறது என்று கேட்டால் காரணம் இதுதான். உருக்கி அச்சில் அடித்துக் குளிரவைக்கும்போது மூலைகளிலும் கிளிப் காதுகளிலும் ஓர் இழுவிசை உள்ளேயே உறைந்து நிற்கும். சாதாரணமாக அது தெரியாது. மருந்து உள்ளே ஊறினதும் அந்த இழுவிசைக்கு வழி கிடைத்து வெடிப்பாக ஓடும். மேல்பரப்பு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தும் அடுத்த நாள் காது ஒடிந்தது இதனால்தான். ஆகவே எந்த மருந்தையும் கிளிப் காதுகளில் படவிடாதீர்கள். பூட்டின பிறகு வெளியே தெரியாத அந்த இடத்தில் பெயின்ட் இருந்தால்தான் என்ன?

வீட்டு கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பூசுகிற பெயின்ட் ரிமூவர் பிளாஸ்டிக்குக்கு உரியதல்ல. மெதிலீன் குளோரைட் கலந்த வகை ஏ.பி.எஸ்ஸையும் பி.சி.யையும் கண்ணெதிரே கரைக்கும். மனிதருக்கும் ஆகாது. மூச்சில் போனால் உடம்புக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறும். 2019 இல் அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான பெயின்ட் ரிமூவரில் அதைத் தடைசெய்தார்கள். பெற்றோலும் வேண்டாம். கோஸ்டிக் சோடாவை நான் வீட்டில் வைப்பதேயில்லை, கண்ணில் தெறித்தால் கண் போகும்.

லைற் கண்ணாடியில் பெயின்ட் தெறித்திருந்தால் பிளாஸ்டிக் கார்ட்டால் மெதுவாகச் சுரண்டி, மிச்சத்தைப் பொலிஷ் கொம்பவுண்டால் எடுங்கள். முரட்டுப் பேப்பர் போட்டால் மேலே உள்ள காப்புக் கோட் போய், சில மாதத்தில் மஞ்சளாகும்.

முடிந்த பிறகு

சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர விடுங்கள். பம்பரின் உள்வரிச்சட்டங்களில் தண்ணீர் ஒளிந்திருக்கும், தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். வெறும் ஏ.பி.எஸ்ஸை நாட்கணக்கில் வெயிலில் போடக்கூடாது, வெயில் அதை முறுக வைக்கும். உலர்ந்ததும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். எங்காவது மினுங்கினால் அங்கே பேப்பர் படவில்லை, 600 ஆல் ஒரு தடவு. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் பெயின்ட் முடிகிற படி தெரியும். அந்தப் படி விரலுக்குத் தட்டுப்படாமல் போகும்வரை 400 ஆல் சாய்த்துக் கரையுங்கள். விரலுக்குத் தெரிகிறதெல்லாம் பெயின்டுக்குப் பிறகு கண்ணுக்கும் தெரியும்.

கறுப்புத் தெரிகிற இடத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பிறைமர் கட்டாயம். பொலிபுரப்பிலீனில் இதை விட்டுவிட்டால், எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் ஒரு வருசத்துக்குள் முதலில் இருந்த கோலத்துக்கே வரும். மெல்லிசாக ஒரு கோட், டின்னில் எழுதியிருக்கிற நேரம் காத்திருந்து அடுத்த வேலை. துடைத்த பாகத்தை வெறும் கையால் தொடாதீர்கள். வாடைக் காலத்தில், நவம்பரில் இருந்து ஜனவரி வரை, மழை இருட்டில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் சில பெயின்ட் பால் ஊற்றினது மாதிரி வெளிறும். வெயில் வருகிற நாளுக்குப் பொறுத்திருங்கள். பெயின்ட் அடிக்க முதல் ஒரு தரம் பாகத்தை வாகனத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உரஞ்சின தண்ணீரைக் கானுக்குள் ஊற்ற வேண்டாம், அது போய்ச் சேருவது வாவிக்கு. வளவு மண்ணிலும் வேண்டாம். மணல் நிலத்தில் ஊற்றினது நேரே கீழே இறங்கும், பத்தடி தள்ளிக் கிணறு. வாளியில் இரவு விட்டால் பெயின்ட் அடியில் படியும். அகன்ற பழைய தாச்சியில் ஊற்றி, பிள்ளைகள் போகாத இடத்தில் வெயிலில் வற்றவிட்டு, காய்ந்த வண்டலைச் சுரண்டிப் பையில் கட்டி குப்பையோடு போடுங்கள். பாவித்த பிரேக் ஒயிலைப் போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கிற கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

பூட்டும்போது பழைய கிளிப்புகளை நம்ப வேண்டாம், வெளிறிப்போனவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்குங்கள். உள்ளங்கையால் அழுத்த, கிளிப் "டக்" என்று விழுகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். பிறகு ஒரு மாதத்துக்குச் சேர்விஸ் ஸ்டேஷனில் அந்தப் பக்கம் பிறஷர் தண்ணீரைக் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள்.